எடையில் அடித்ததை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? – வாசகர் கேள்வி, ஆயர் பதில்

லெந்து நாட்கள் (தவக்காலம்) வந்துவிட்டால் கடிதக் கட்டு கனத்துவிடும். இந்த முறை வந்ததில் பெரும்பாலானவை மன்னிப்பைப் பற்றித்தான். ஆள் பெயர்களை எடுத்துவிட்டேன். குளச்சல் முதல் பாறசாலை வரை எல்லாரும் எல்லாருக்கும் ஏதாவது ஒரு வழியில் சொந்தம் என்பதால் சில கடிதங்களில் ஊரையும் லேசாக மாற்றியிருக்கிறேன். யார் என்று துப்பு துலக்க உட்கார வேண்டாம்.

கேள்வி: ஆயர் ஐயா, நான் கத்தோலிக்கன், ஆனாலும் உங்கள் பகுதியை விடாமல் வாசிப்பேன். ரப்பர் ஷீட் வாங்கும் கடை நடத்தினேன், இப்போது மகன் நடத்துகிறான். உள்ளதைச் சொன்னால், தராசில் கை வைத்துத்தான் கடையை வளர்த்தேன். பத்து பதினைந்து ஷீட்டோடு வருகிற சின்ன ஆட்களிடம்தான் அதிகம் அடித்தது, பெரிய தோட்டக்காரர்கள் வீட்டிலேயே எடை போட்டுவிட்டுத்தான் வருவார்கள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்துவிட்டேன். இருந்தும் ராத்திரி தூக்கம் இல்லை. காற்றாடிமலைக்கு நடந்தே போய்வருவதாக நேர்ந்திருக்கிறேன். அது போதுமா? (பெயர் வேண்டாம், குலசேகரம்)

பதில்: அண்ணாச்சி, கடிதத்தில் ஒரு வரி போதும், உங்களுக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று தெரிய: "பெரிய தோட்டக்காரர்கள் வீட்டிலேயே எடை போட்டுவிட்டுத்தான் வருவார்கள்." யாரிடம் அடித்தால் தெரியாது என்று பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறீர்கள். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் பட்டை சீவி, சிரட்டையில் சொட்டின பாலைச் சேர்த்து, ஆசிட் விட்டு உறையவைத்து, மெஷினில் அழுத்தி, புகையில் காயப்போட்டு, நடுவில் மழை வந்தால் அந்த வாரமே போச்சு என்று தலையில் கைவைத்து, கடைசியில் மிஞ்சின பதினைந்து ஷீட்டைத் தலைச்சுமையாகக் கொண்டுவருகிறவளுக்குத் தராசு முள்ளைப் பார்க்கவே கூச்சம். ஈரம் இருக்கிறது என்று கொஞ்சம் கழிப்பது, கிரேடு இறங்கிவிட்டது என்று கொஞ்சம் கழிப்பது, இதெல்லாம் நீங்கள் எழுதவில்லை. அதுவும் நடந்திருந்தால் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் 11-ம் அதிகாரம் முதல் வசனத்திலேயே போட்டிருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். கடவுள் உங்களை மன்னித்தாரா என்றால், மன்னித்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை, உங்களுக்கும் வேண்டாம். "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து" என்று யோவான் எழுதினதில் ரப்பர் கடைக்காரர் நீங்கலாக என்று எதுவும் இல்லை. ஆனால் மன்னிப்பு கிடைத்தாயிற்று என்பதற்காக அந்தப் பணம் உங்களுடையதாகிவிடாது. அது இன்னும் அந்தப் பெண்ணுடைய பணம்தான், உங்கள் வீட்டு மாடியிலோ மகனுடைய காரிலோ கிடக்கிறது.

இங்கே லேவியராகமம் 6-ம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பொதுவாக யாரும் பிரசங்கத்துக்கு எடுக்காத பகுதி அது, ரத்தமும் கொழுப்புமாக இருக்கிறது என்று தாண்டிப் போய்விடுவோம். அயலானை ஏமாற்றி எடுத்தவன் குற்றத்தை உணர்ந்தால், எடுத்ததை முழுதும் கொடுத்து அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உடையவனிடம் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் ஆட்டுக்கடாவைப் பிடித்துக்கொண்டு ஆசாரியனிடம் போக வேண்டும். வரிசையைக் கவனியுங்கள். முதலில் உடையவன், பிறகு பலிபீடம். இயேசுவும் மலைப்பிரசங்கத்தில், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இதே வரிசையைத்தான் சொன்னார்.

அப்புறம் சகேயு. எரிகோவில் ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிக்கிறவர்களுக்கு, தலைவன். நம் ஆட்கள் அவன் மரமேறின கதையை ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டுவதோடு சரி, அவன் சொன்ன கணக்கை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. தானாக வந்து ஒத்துக்கொள்கிறவனுக்கு மோசேயின் நியாயப்பிரமாணம் கேட்பது முதலும் ஐந்தில் ஒன்றும்தான். நாலு மடங்கு யாருக்கு? ஆட்டைத் திருடி, அடித்தோ விற்றோவிட்டு மாட்டிக்கொண்டவனுக்கு, யாத்திராகமம் 22-ல். சகேயுவை யாரும் பிடிக்கவில்லை. இருந்தும் "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்கிறான், அதாவது பிடிபட்ட கள்ளனுக்கு உள்ள தண்டனையைத் தனக்குத் தானே விதித்துக்கொள்கிறான். இதையும் சேர்த்துப் பாருங்கள்: இயேசு அவன் வீட்டில் தங்க வேண்டும் என்று சொன்னதற்குப் பிறகுதான் இந்தப் பேச்சு வருகிறது. பணத்தைக் கொடுத்து அவன் அவரை வீட்டுக்குள் கூட்டவில்லை. அவர் வந்துவிட்டார், அதனால் பெட்டியைத் திறந்தான். நீங்கள் திருப்பிக் கொடுக்கிறது மன்னிப்புக்கான விலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். உங்கள் சபையின் மறைக்கல்வி ஏடே, 2412-ம் எண்ணில், திருடின பொருளை உடையவரிடம் சேர்ப்பது நீதியின் கடமை என்று சொல்லி இதே சகேயுவை உதாரணம் காட்டுகிறது. ஆகவே உங்கள் பங்குச்சாமியாரும் நான் சொல்வதற்கு மாறாகச் சொல்லமாட்டார். பழைய நோட்டுகள் இருந்தால் எடுத்து உட்காருங்கள். யார் யார் வாடிக்கையாக வந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும், எவ்வளவு அடித்திருப்பீர்கள் என்று குத்துமதிப்பாகவும் தெரியும், குறைத்துப் போடாமல் கூட்டியே போடுங்கள். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் நின்று "நான் கள்ளன்" என்று சொல்லத்தான் வேண்டும் என்பதில்லை. சாமியார் கையில் கொடுத்து, பெயர் சொல்லாமல் சேர்ப்பிக்கலாம், அது காலங்காலமாக உள்ள வழக்கம். இறந்துபோனவர்களுக்குப் பிள்ளைகள் இருப்பார்கள். பிள்ளைகளும் இல்லை, ஆளையும் நினைவில்லை என்றால் எண்ணாகமம் 5:8 அதற்கும் வழி வைத்திருக்கிறது, வாங்குவதற்கு உறவினன் இல்லாவிட்டால் அது கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் போகவேண்டும். இந்தக் காலத்துக்கு, ஏழைகளுக்கு. கோவிலுக்கு உங்கள் பெயர் பொறித்த குழல்விளக்கு வாங்கிப் போடுவது அதில் சேராது!

காற்றாடிமலைக்குப் போங்கள், நல்லதுதான். 1752 ஜனவரி 14-ல் அங்கே சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளை கிறிஸ்தவத்துக்காக அரண்மனை உத்தியோகத்தை விட்டுக்கொடுத்து விலங்கை வாங்கிக்கொண்டவர். 2022 மே 15-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது நட்டாலத்திலும் ஆரல்வாய்மொழியிலும் பட்டாசு வெடித்தோம். ஆனால் குலசேகரத்திலிருந்து நீங்கள் கால் கொப்பளிக்க நடந்தாலும் ஷீட் கொண்டுவந்த கிழவிக்கு அதில் ஒரு ரூபாய் சேராது. அவள் கணக்கைத் தீர்த்துவிட்டு நடங்கள்.

இன்னொன்று, இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இப்போது கடையில் இருக்கிற தராசு எப்படி? மகனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே.

கேள்வி: மகன் ரேஷன் அரிசி வாங்கிச் சேர்த்து வண்டியில் எல்லைக்கு அப்புறம் கொண்டுபோய் விற்கிறான். தசமபாகம் மட்டும் தவறாமல் கொடுப்பான். அதைச் சபை வாங்கலாமா? (ஒரு தாய், களியக்காவிளை)

பதில்: யூதாஸ் திருப்பி எறிந்த முப்பது வெள்ளிக்காசை, இது ரத்தக்கிரயம், காணிக்கைப்பெட்டியில் போடலாகாது என்று பிரதான ஆசாரியர்கள் கூடி ஆலோசித்தார்களாம், அந்தக் காசை எடுத்துக் கொடுத்தது யார் என்பது மட்டும் அவர்களுக்கு மறந்துவிட்டது. நம் கமிட்டிக்காரர்களும் பல ஊரில் இப்படித்தான், காணிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்கமாட்டார்கள், கேட்டால் அடுத்த வருஷம் பெரிய கவர் வராது. வாங்கக்கூடாது என்பதே என் பதில். ஆனால் அம்மா, பத்தில் ஒன்றைப் பற்றிக் கேட்டீர்கள், பாக்கி ஒன்பது உங்கள் அடுக்களைக்கு வருகிறதே, அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையே?

கேள்வி: கணவர் நெய்யாற்றின்கரைப் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறார். இந்தப் பக்கம் கடை மூடினால் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் மூடினால் இந்தப் பக்கம் என்று குடி. வந்தால் அடி. போன மாதம் கை எலும்பு விண்டது. காலையில் அழுது மன்னிப்புக் கேட்பார், ராத்திரி மறுபடியும். பெண்கள் ஐக்கியத்தில் "ஏழெழுபது தரம் மன்னிக்கணும்" என்கிறார்கள். தாய்வீட்டுக்குப் போனால் அது பாவமா? (சகோதரி, அருமனை)

பதில்: பாவமில்லை மக்களே. போ.

அந்த அக்காமாருக்கு ஒரு வேலை கொடு. மத்தேயு 18-ல் ஏழெழுபது வருவது 22-ம் வசனத்தில். அதற்கு முன்னால் 15 முதல் 17 வரை என்ன இருக்கிறது என்று அவர்களை வாசிக்கச் சொல். குற்றம் செய்த சகோதரனிடம் தனியே சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல், அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல், சபைக்கும் செவிகொடுக்காவிட்டால் அவன் உனக்கு அஞ்ஞானியைப்போல இருக்கட்டும். இதைச் சொன்ன அதே வாய்தான் ஏழெழுபதும் சொன்னது. அப்படியானால் உன் கை முறிந்தபோது சபை என்ன செய்தது? அந்த இரண்டொருவர் யார், எந்த நாள் போனார்கள்? இதைக் கேட்காமல் உன்னிடம் மட்டும் கணக்குக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

தாவீதை சவுல் ராஜா கொல்லத் தேடினான். எங்கேதி குகையில் சவுல் கைக்கெட்டின தூரத்தில் வந்து நின்றான், தாவீது அவன் சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டான். சவுல் ஓ என்று அழுதான், "நீ என்னைப் பார்க்கிலும் நீதிமான்" என்றான். அழுகை உண்மையானதாகவே இருக்கலாம், உன் வீட்டுக்காரர் காலையில் அழுவதும் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அதிகாரத்தின் கடைசி வரியைப் பார், 1 சாமுவேல் 24:22. சவுல் தன் வீட்டுக்குப் போனான், தாவீதும் அவனுடைய ஆட்களும் அரணான இடத்துக்கு ஏறிப்போனார்கள். மன்னித்தான், பழிவாங்கவில்லை, கூடப் போகவும் இல்லை. இரண்டு அதிகாரம் தாண்டினால் சவுல் மறுபடி படையோடு தேடி வருகிறான், ஏறிப்போனது எவ்வளவு நல்லது என்று அங்கே தெரியும்.

மனசுக்குள் அவரை மன்னிப்பது உனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது, அதற்கு நாள் எடுக்கும், எடுக்கட்டும். கைக்குக் கட்டுப்போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், அந்த வீட்டில் இருக்கிற உரிமையும் உனக்கு உண்டு, தாய்வீட்டுக்குப் போய்விட்டதால் அது போய்விடாது. அவர் குடியை நிறுத்த சிகிச்சைக்குப் போகட்டும், மாதக்கணக்கில் நிதானமாக இருந்து காட்டட்டும், அப்புறம் பெரியவர்களை வைத்துப் பேசலாம். போலீசுக்குப் போனால் கிறிஸ்தவ சாட்சி கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால், கெட்டது அவர் கையை ஓங்கினபோதே என்று சொல்.

கேள்வி: டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறேன். ஜெபிக்க உட்கார்ந்தால் பரிசுத்த ஆவியைப் பற்றி மோசமான வார்த்தைகள் தானாக மனதில் வருகின்றன. நான் மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனா? தினமும் நூறு தடவை மன்னிப்புக் கேட்கிறேன், நிம்மதி இல்லை. (இளைஞன், மார்த்தாண்டம்)

பதில்: தம்பி, இல்லை. மாற்கு 3-ல், பரிசுத்த ஆவியைத் தூஷிக்கிறவனுக்கு மன்னிப்பில்லை என்கிற அந்த வசனத்துக்கு அடுத்த வரியே ஏன் அப்படிச் சொன்னார் என்று விளக்குகிறது. எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர், அதாவது வேதம் படித்த பண்டிதர், கண்முன்னே மனிதர் குணமாவதைப் பார்த்துவிட்டு, இது பிசாசின் வேலை என்று தெரிந்தே சொன்னார்கள். அவர்களில் ஒருவனும் ராத்திரி தூங்காமல் இப்படிக் கடிதம் எழுதவில்லை. நீ பயப்படுகிறாய் பார், அதுவே நீ அந்தக் கூட்டத்தில் இல்லை என்பதற்கு அடையாளம்.

வேண்டாத எண்ணம் தானாக வந்து மோதுவதும், அதைக் கழுவ நூறு தடவை ஒன்றையே செய்வதும் பக்தியில் குறை இல்லை, பெரும்பாலும் மனநல மருத்துவர்களுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு நோய், மருந்தும் பயிற்சியும் உண்டு. மார்ட்டின் லூத்தர் மடத்தில் இருந்தபோது மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து, முடித்து வெளியே வந்ததும் இன்னொன்று நினைவு வந்து திரும்ப ஓடுவாராம், அவருடைய ஆன்ம குரு ஸ்டாபிட்ஸ் அலுத்தே போனார். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலோ நீ வேலை பார்க்கும் ஊரிலோ ஒரு மனநல டாக்டரைப் பார். 14416-ல் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி இருக்கிறது, இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். உபவாசக் கூடுகையில் பிசாசு ஓட்டுகிறேன் என்று தலையைப் பிடித்து உலுக்குகிறவரிடம் மட்டும் போகாதே.

நூறு தடவை கேட்பதையும் நிறுத்து. ஒரு தடவை கேள், எழுந்துபோய்ச் சாப்பிடு.

கேள்வி: நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), மனைவி ஆர்சி (ரோமன் கத்தோலிக்கம்). பாவத்தைக் கடவுளிடம் நேரே சொல்லலாம், சாமியார் எதற்கு என்று நான், மனிதன் காதில் விழாமல் சொல்வது சொன்னதாகுமா என்று அவள். யார் பக்கம்? (கொழிஞ்சாம்பாறை)

பதில்: கல்யாணமானவர்களுக்கு நடுவில் நான் வருவதில்லை. ஒன்று சொல்கிறேன். நாம் திருவிருந்து ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து முழங்காலிட்டுப் பொதுப் பாவ அறிக்கை சொல்கிறோம், பக்கத்தில் இருக்கிறவனும் அதையே சொல்வதால் யாருக்கும் வெட்கமில்லை. கத்தோலிக்கர் 1215-ம் ஆண்டு லாத்தரன் சங்கத்திலிருந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒரு ஆளின் முன்னால் வாய்திறந்து சொல்லக் கட்டுப்பட்டவர்கள், கேட்ட குரு அதை எந்தக் காரணத்துக்கும் வெளியே விடக்கூடாது. யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது, அது நம் வேதாகமத்திலும் இருக்கிறது. நேரே கடவுளிடம் சொல்கிறேன் என்கிற நீங்கள் கடைசியாக எப்போது சொன்னீர்கள் என்று மனைவி கேட்டால் பதிலை ரெடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. திருவனந்தபுரத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் எனக்கு ஒருவரோடு பழக்கம் இருந்தது, கணவரிடம் எல்லாம் சொல்லித்தான் கட்டினேன். இப்போது மாமியார், "நீ செய்த பாவம் பிள்ளையில் வந்து நிற்குது, தாவீது பிள்ளைக்கு நடந்தது தெரியாதா?" என்று தினமும் சொல்கிறார். கடவுள் என்னை மன்னிக்கவில்லையா? (கொல்லங்கோடு)

பதில்: மன்னித்தார் மக்களே.

கர்ப்பத்தில் முதல் சில வாரங்களிலேயே இதயம் உருவாகிவிடுகிறது, தாய்க்குக் குழந்தை இருப்பது தெரியவே சில நேரம் அதற்குள் நாளாகிவிடும். பிறக்கிற நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு ஏதாவது ஒரு இதயக் குறை இருக்கும், போதகர் வீட்டிலும் இருக்கும், பிஷப்பின் சொந்தத்திலும் இருக்கும். எல்லாத் தாயும் பாவி என்றால் உங்கள் மாமியாருக்கு நல்ல இதயத்தோடு பிள்ளைகள் பிறந்ததை எதில் சேர்ப்பது?

தாவீது கதை கஷ்டமானது, நான் மழுப்பப் போவதில்லை. தன் படைவீரனான உரியாவைப் போர்முனையில் கொல்லக்கொடுத்துவிட்டு அவன் மனைவி பத்சேபாளை எடுத்தவன் தாவீது. நாத்தான் வந்து, கர்த்தர் உன் பாவத்தை நீங்கச் செய்தார் என்றும் சொன்னார், பிள்ளை சாகும் என்றும் சொன்னார். இரண்டும் ஒரே மூச்சில். ஏன் என்று பெரிய பெரிய ஆட்கள் எழுதியிருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் முழுசாகச் செரிக்கவில்லை. ஆனால் அதைச் சொன்னவர் தீர்க்கதரிசி, கர்த்தர் அனுப்பி வந்தவர். உங்கள் மாமியார் நாத்தான் இல்லை. அவரை யாரும் அனுப்பவும் இல்லை. நாத்தான் வேலையை அவர் எடுத்துக்கொள்வதானால் அதே அதிகாரத்தின் பின்பாதியையும் எடுத்துக்கொள்ளட்டும், அதே பத்சேபாளுக்கு சாலொமோன் பிறந்தபோது அந்த நாத்தானே வந்து, கர்த்தர் இவனிடத்தில் அன்பாயிருக்கிறார் என்று யெதிதியா என்று பெயரிட்டார்.

பிறவிக்குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமோ, பெற்றவர்கள் செய்த பாவமோ என்று கேட்டவர்கள் சீஷர்கள்தான், வெளியாட்கள் இல்லை. இரண்டும் இல்லை என்று ஆண்டவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, துப்பி, சேறு குழைத்து, வேலையைப் பார்க்கப் போனார். எசேக்கியேல் 18 முழுதும் பெற்றவர் பாவத்தைப் பிள்ளை சுமக்காது என்பதுதான்.

இப்போதைக்கு உங்களுக்கு வேலை வேறு. ரத்தம் கொடுக்க ஆட்கள் வேண்டியிருக்கும், சபை வாலிபரிடம் இன்றே சொல்லிவையுங்கள். துணைக்கு நிற்கிறவர் யார் என்று முடிவு செய்யுங்கள், அது மாமியாராக இருக்க வேண்டியதில்லை. கணவரிடம், உன் அம்மாவிடம் பேச வேண்டியது நீதான் என்று தெளிவாகச் சொல்லுங்கள், எல்லாம் தெரிந்துதானே அவர் தாலி கட்டினார். அத்தை மறுபடி தொடங்கினால் நீங்கள் பதில் பேச வேண்டாம், யோவான் 9-ஐத் திறந்து முதல் மூன்று வசனத்தை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள் அத்தை என்று கேளுங்கள். கண்ணாடியைக் காணோம் என்பார். தேடி எடுத்துக் கொடுங்கள்.